லீலண்டுக்கு ஒதுக்கிய வெளிச்சம்

செயின்ட் லூயிஸ் நகரத்து மக்கள் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று அந்தக் குளிர்காலத்தில் வெளியானது. கூடைப்பந்து ஆடிப் பிழைப்பவர்களுக்கும் கண்கள் உண்டு. அந்தக் கண்கள் வளையத்தை மட்டுமல்லாமல் ஓவியத்தையும் பார்க்கக்கூடியவை. ஆகவே தகுதியுள்ள வீரர்களைக் கலைச் சேகரிப்பாளர்களாக ஏற்றுக்கொள்ள வாண்டர்லின் அருங்காட்சியகம் பெரிய மனதோடு முன்வந்திருக்கிறது. இந்த முடிவை எட்டிய நிபுணர் குழுவில் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றையாவது பார்த்தவர் யாரும் இல்லை. பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா.

அறிவிப்பை அருங்காட்சியகத்தின் இயக்குநர் கிளைவ் ஹாரிங்டன் எங்கள் அரங்கத்துக்கே வந்து, ஆட்ட இடைவேளையில், மைதானத்தின் நடுவில் நின்று வாசித்தார். பீருக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல, ஏதோ படமாம்" என்றார் இன்னொருவர். வரிசை நகர்ந்தது.

நான் ஹெரான்ஸ் கூடைப்பந்து அணியில் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுகிறவன். ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். நான் பட்டை சுற்றுவேன். காலைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்குக் காதும் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. அதனால் எங்கள் அணியைக் கலை பிடித்து ஆட்டியதை நான் முதலிலிருந்தே பார்த்தேன். அதற்கு முன்னால் கார், கைக்கடிகாரம், கழுத்தில் சங்கிலி என்று பேசிக்கொண்டிருந்த பையன்கள், "அந்தக் கோட்டுல ஒரு பதற்றம் இருக்கு மச்சான்" என்று பேச ஆரம்பித்தார்கள். எங்கள் நட்சத்திர ஆட்டக்காரன் ஜூவல் பர்டெட் தன் வீட்டுக் கூடத்தில் ஒரு கரிக்குவியலை வாங்கிப் போட்டிருந்தான். 'துக்கத்தின் எடை' என்று அதற்குப் பெயர். அவனுடைய நாய் அதன்மேல் காலைத் தூக்கியது. நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் காய்ச்சல் தொற்றாமல் இருந்தவன் ராஸ்கோ டாலிவர் ஒருவன்தான். பெஞ்சிலிருந்து எழுந்து வருகிற ஆள். எதிராளி ஓடிவரும் வழியில் சுவர்போல அசையாமல் நிற்பதும், வந்து மோதுகிறவனை வாங்கிக்கொள்வதும்தான் அவனுடைய வேலை. அவன் பெயரைக் கூவி யாரும் கைதட்டியதில்லை. அவனுக்கு அதில் வருத்தமும் இல்லை.

ஒருநாள் நான் ராஸ்கோவின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையிலிருந்து ஜூவல் தன் போனை நீட்டினான்.

"டேய் ராஸ்கோ, இதப் பாரு. அயோனா மீக்ஸ் வரைஞ்சது. உங்க வடக்குப் பக்கத்துக்காரம்மாதான். உயிரோட இருந்தவரைக்கும் வேலிக்குப் பெயின்ட் அடிச்சிட்டு இருந்துச்சாம். செத்ததும் கிராக்கிய பாரு."

என் கையிலிருந்த கால் துள்ளியது.

"இது என் தம்பிடா" என்றான் ராஸ்கோ.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. பாக்குறவன் ஒவ்வொருத்தனுக்கும் தம்பி மாதிரி இருக்கு. அதான் இந்தப் படத்தோட சக்தின்னு கேலரிக்காரரு சொன்னாரு."

"சக்தியாவது சுக்காவது. இது லீலண்ட். கால்ல பாரு, என் ஷூவப் போட்டிருக்கான் திருட்டுப்பய. கேக்காம எடுத்துட்டுப் போனது."

நானும் எட்டிப் பார்த்தேன். செங்கல் சுவரில் சாய்ந்து ஒரு மெலிந்த பையன் நிற்கிறான். நீலச் சட்டை. படகு போன்ற பெரிய ஷூக்கள். முகத்தின் கீழ்ப்பாதியில், வாய் இருக்க வேண்டிய இடத்தில், கேலரியின் பெயர் கொட்டை எழுத்தில் குறுக்கே அச்சாகியிருந்தது. யாரும் படத்தைத் திருடிவிடக் கூடாதென்று அப்படிச் செய்வார்களாம்.

லீலண்டைப் பற்றி நகரத்தின் வடக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மிசிசிப்பியில் சரக்குத் தெப்பங்களில் கயிறு இழுக்கிற வேலைக்குப் போனான். ஒரு பிப்ரவரியில் பனி உறைந்த விளிம்பில் கால் வழுக்கி, இரண்டு தெப்பங்களுக்கு நடுவில் இறங்கினான். அண்ணனுடைய ஷூ அவன் காலுக்குப் பெரிது. ஆறு அவனைத் திருப்பித் தரவில்லை. தேவாலயத்தில் பாடினார்கள், பிரசங்கம் செய்தார்கள். சவப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் பூ வைத்தார்கள். அதன் பிறகு அம்மா வெர்னெல் தன் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருந்தபோது, பூட்டிக் கிடந்த வீட்டுக்குச் செங்கல் திருடர்கள் தீ வைத்தார்கள். எங்கள் ஊரில் அது அவர்களுடைய தொழில்முறை. வீடு எரிந்தால் தீயணைப்பு வண்டி வரும். தண்ணீர் அடித்த வேகத்தில் சுவரின் காரை இளகும். மறுநாள் செங்கல்லைச் சிரமமில்லாமல் உருவி வண்டியில் ஏற்றித் தெற்கே பணக்கார ஊர்களுக்கு அனுப்பிவிடலாம். லீலண்டின் போட்டோக்கள் எல்லாம் அந்த வீட்டில்தான் இருந்தன. அவன் சாய்ந்து நின்ற சுவர் இப்போது எங்கோ யாரோ ஒருவருடைய தோட்டத்து நடைபாதையாக இருக்கிறது.

"அவன் மொகம் தேஞ்சுகிட்டே போகுது ராஸ்கோ" என்று வெர்னெல் சொல்வாள். "மூக்கு ஞாபகம் இருக்கு. கண்ணு இருக்கு. வாய் மட்டும் வரமாட்டேங்குது. பெத்தவளுக்குப் புள்ளையோட வாய் மறந்து போகுமா?"

போனில் இருந்த படத்தை ராஸ்கோ அவளிடம் காட்டினான். வெகுநேரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "வாய மறச்சில்ல எழுதியிருக்கானுங்க. நீ போய் அவன வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வாரத்திலிருந்து ராஸ்கோவின் அலமாரியில் அவன் போடாத இரண்டாவது ஜோடி ஷூ காலையில் ஈரமாக இருந்தது. உள்ளே கொஞ்சம் வண்டல் மண் போலவும் இருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். வேர்வை என்று சொல்லிவிட்டேன்.

*

கேலரிக்காரர் ஃபிலிப் லாந்த்ரி மிக மெல்லிய குரலில் பேசுகிறவர். ராஸ்கோ என்னையும் அழைத்துப் போனான். அங்கே உள்ள நாற்காலிகளில் எது உட்காருவதற்கு, எது கலை என்று தெரியாததால் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"இந்தப் படத்த வாங்கணுங்க" என்றான் ராஸ்கோ.

லாந்த்ரி கண்ணை மூடித் திறந்தார். "வாங்குவது என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை மிஸ்டர் டாலிவர். படைப்புக்குத் தகுந்த இடம் தேடிக் கொடுக்கிறோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் போல. எங்கே வைப்பதாக உத்தேசம்?"

"அம்மா சமையலறையில."

லாந்த்ரி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து அது நாற்காலிதான் என்று தெரிந்துகொண்டோம்.

"அங்கே... சமைப்பார்களா?"

"சமையலறைங்க."

"எண்ணெய்?"

"பன்னிக்கறி வறுக்குறப்போ எண்ணெய் இல்லாம எப்படிங்க? நீங்க நம்மூர்க்காரர்தான?"

லாந்த்ரி ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். ராஸ்கோ விடவில்லை. "அது லீலண்டுங்க. என் தம்பி. அயோனா அக்கா எங்க பக்கத்து வீடு. அவன நிக்க வெச்சு வரைஞ்சப்போ நானே பாத்திருக்கேன்."

"தயவுசெய்து வெளியில் அப்படிச் சொல்லாதீர்கள்" என்றார் லாந்த்ரி பதறி. "படத்தின் தலைப்பு 'பெயரற்ற உருவம், நீலம்'. பெயர் தெரிந்துவிட்டால் அது ஒருவனுடைய படம். பெயர் தெரியாதவரை அது ஓர் இனத்தின் மௌனம். இனத்தின் மௌனத்துக்கு உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சுவர் காத்திருக்கிறது. ஒருவனுடைய படத்துக்கு, நீங்களே சொன்னீர்களே, சமையலறைதான். உங்கள் தம்பியின்மேல் அக்கறை இருந்தால் அவனை யாரென்று தெரியாதவனாகவே வைத்திருங்கள்."

பிறகு முறையை விளக்கினார். புதிய சேகரிப்பாளன் வந்தவுடனே ஆசைப்பட்டதைக் கேட்கக் கூடாது. ஆசைப்படாதவற்றை முதலில் எடுத்துக்கொண்டு தன் பக்குவத்தை நிரூபிக்க வேண்டும். அதில் ஒன்றையாவது அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுக்க வேண்டும். அப்புறம் குழுவின் முன்னால் நேர்காணல். அதன் பிறகு பார்க்கலாம்.

முதலில் ஒரு சிமென்ட் கட்டி வந்தது. அதில் காற்றுப்போன கூடைப்பந்து ஒன்று பாதி புதைந்திருந்தது.

"இந்த மாதிரி எங்க கிடங்குல ஒரு மூட்டை கெடக்குங்களே" என்றான் ராஸ்கோ.

"அவை காற்றுப்போனவை" என்றார் லாந்த்ரி. "இது காற்றைத் துறந்தது."

அடுத்து, ஒரு குளிர்சாதனப் பெட்டி உறுமும் ஓசையின் ஒலிப்பதிவு. ராஸ்கோவின் வீட்டில் அதன் பிறகு இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள் உறுமின. ஒன்றில் மட்டும் பால் இருந்தது. மூன்றாவதாக, கைப்பிடி இல்லாத ஒரு கதவு. அதை அருங்காட்சியகத்துக்குத் தானம் செய்தான். அவர்கள் அதை ஒரு அறையின் நடுவில் நிறுத்தி, தொடக்கூடாது என்று பக்கத்தில் ஒரு காவலாளியையும் நிறுத்தினார்கள்.

நேர்காணலில் வெறும் வெள்ளைத் துணி ஒன்றின் முன்னால் ராஸ்கோவை நிறுத்தி, உணர்வதைச் சொல்லச் சொன்னார்கள். என்ன சொல்வதென்று தெரியாததால் அவன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். காலை அகட்டி, கைகளை மார்பில் மடித்து, யாரோ வந்து மோதப்போவதைப் போல அசையாமல் நின்றான். குழுவினர் காத்திருந்தார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படியொரு ஆழ்ந்த பார்வையை இதுவரை கண்டதில்லை என்று கிளைவ் ஹாரிங்டனே எழுந்து வந்து கைகொடுத்தார்.

"என்னடா பாத்த அதுல?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. லீலண்ட் அதுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி இருந்துச்சு. அசைஞ்சா போயிடுவான்னு பயந்தேன்."

 அன்றைக்கும் ஷூ ஈரமாகத்தான் இருந்தது.

*

படம் ராஸ்கோவுக்குச் சொந்தமாகிவிட்டது. போனில் பார்த்த படத்தைக் கேலரி தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. வெர்னெல் சமையலறையில் அடுப்புக்கு மேலே ஆணி அடித்து வைத்தாள். படம் மட்டும் வரவில்லை.

சொந்தம் என்பது வேறு, கையில் இருப்பது வேறு என்று அருங்காட்சியகத்தில் சொன்னார்கள். இவ்வளவு முக்கியமான படைப்பை வீட்டில் வைப்பது பச்சைக் குழந்தையைச் சந்தையில் விடுவதற்குச் சமம். எண்ணெய், நீராவி, மனித மூச்சு எல்லாம் ஓவியத்தின் எதிரிகள். ஆகவே அது பாதுகாப்புக் கிடங்கில் இருக்கும். உரிமையாளர் முன்பதிவு செய்துகொண்டு போய் வரலாம்.

ஒரு வியாழக்கிழமை ராஸ்கோ தன் அம்மாவை அழைத்துப் போனான். வெர்னெலுக்கு முழங்கால் சரியில்லை. படியிறங்கக் கை கொடுக்க நானும் போனேன். கிடங்கு ஆற்றங்கரையில் இருந்தது. ஒரு காலத்தில் பீர் புளிக்க வைத்த நிலத்தடிக் குகைகளுக்கு மேலே கட்டிய பழைய கட்டடம். உள்ளே போனால் மேலிருந்து கீழ்வரை மரப்பெட்டிகள். உலகத்தில் வரையப்பட்ட முகங்களில் பாதி அங்கே பெட்டிக்குள் சுவரைப் பார்த்து நிற்கிறதோ என்று தோன்றியது. குழாய்களில் தண்ணீர் ஓடுகிறதா, அப்பால் ஆறு ஓடுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெர்னெல் தேவாலயத்துக்குப் போடும் ஊதாத் தொப்பியைப் போட்டு வந்திருந்தாள். பொறுப்பாளர் மிஸ் கிரான்ஸ் முதல் வேலையாக அதைக் கழற்றச் சொன்னார்.

"இறகில் பூச்சி இருக்கலாம்."

"இருபது ஈஸ்டருக்குப் போட்டதும்மா இது. பூச்சி இருந்தா அதுவும் இந்நேரம் ஞானஸ்நானம் வாங்கியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வெர்னெல் கழற்றிக் கொடுத்தாள். "சரி, புள்ளையப் பாக்கலாமா?"

"வருகை தரலாம்" என்றார் மிஸ் கிரான்ஸ். "பார்ப்பதற்கு வேறு அனுமதி வேண்டும். அதுவும் இந்த ஆண்டு கிடையாது."

"ஏங்க?" என்றான் ராஸ்கோ.

"வெளிச்சம் ஓவியத்தைத் தின்கிறது. அதனால் ஒவ்வொரு படைப்புக்கும் ஆண்டுக்கு இவ்வளவு வெளிச்சம் என்று ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் படைப்பு வந்த அன்றே காப்பீட்டுக்காக அதைப் புகைப்படம் எடுத்தார்கள். பிறகு விழா மலருக்காக. அதோடு அதன் வெளிச்சம் தீர்ந்துவிட்டது. இனி அடுத்த ஒதுக்கீடு வரும்வரை இருட்டுதான்."

"சரி, அந்த போட்டோவையாவது காட்டுங்க."

மிஸ் கிரான்ஸ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "புகைப்படங்களுக்கும் வெளிச்ச ஒதுக்கீடு உண்டு மிஸ்டர் டாலிவர். அவற்றின் பங்கு விழா மலர் அச்சாவதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது."

"மலரு எப்ப வரும்?"

"விழா நடந்த பிறகு."

வெர்னெல் மகனின் கையைத் தட்டினாள். "விடு கண்ணு. ஜெயில்லகூட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காட்டுவான். இங்க அதுவும் இல்ல. பரவால்ல, இவ்வளவு தூரம் வந்தாச்சு."

எங்களுக்கு வெள்ளைக் கையுறை போட்டுவிட்டு ஒரு சிறிய அறைக்குள் அனுப்பினார்கள். நடுவில் ஒரு மரப்பெட்டி நின்றது, ஆள் உயரத்துக்கு. எதிரில் மூன்று நாற்காலிகள். மிஸ் கிரான்ஸ் விளக்கை அணைத்துவிட்டு வாசல் பக்கம் நின்றுகொண்டார். பகல்தான். ஆனால் அப்படியொரு இருட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையுறை போட்ட என் கையே எனக்குத் தெரியவில்லை.

 பிறகு வெர்னெல் செருமினாள்.

"லீலண்ட். சாப்டியா?"

நாற்காலி கிறீச்சிட்டது; அவள் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும்.

"உங்கண்ணன் ஷூவப் போட்டுட்டுப் போகாதன்னு எத்தனவாட்டி சொன்னேன். உன் கால் எங்க, அவன் கால் எங்க? அவன் காலு கல்லறைக்கல் மாதிரி. உனக்கு அது தாங்குமா? ஒரு நாளாவது சொன்ன பேச்சு கேட்டிருக்கியா?"

பெட்டியிலிருந்து ஒரு மூச்சு வந்தது. இழுத்து, நின்று, விட்ட மூச்சு. ராஸ்கோ நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்த சத்தம் கேட்டது.

"ஈரப்பதக் கருவி" என்றது மிஸ் கிரான்ஸின் குரல்.

"அவனுக்குச் சின்னதுலேருந்தே மூக்கடைப்பு" என்றாள் வெர்னெல்.

பிறகு திட்டினாள், சிரித்தாள். தேவாலயத்தில் பாடும் பாட்டு ஒன்றை வாய் திறக்காமல் முனகினாள். எதிர்வீட்டுக்காரி மறுபடி கல்யாணம் செய்துகொண்டதைச் சொன்னாள். வீடு எரிந்ததை மட்டும் சொல்லவில்லை. நேரம் முடிந்ததென்று விளக்கைப் போட்டபோது அவள் முகம் நனைந்திருந்தது. ஆனால் படியேறும்போது என் கையைப் பிடிக்கவே இல்லை.

வெளியே வந்து தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "வாய் ஞாபகம் வந்துருச்சு ராஸ்கோ. கீழுதட்டுல இடப்பக்கம் ஒரு தழும்பு. சைக்கிள்லேருந்து விழுந்தது. எப்படிடா அத மறந்தேன்?"

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனாள். அணி வெளியூர் போகும் வாரங்களில் தனியாகவே பஸ் பிடித்துப் போனாள்.

*

அடுத்த ஒதுக்கீடு வந்தது. அதற்கு 'ஒளி வழங்கு விழா' என்று பெயர் வைத்து, நகரத்துப் பெரிய மனிதர்களை எல்லாம் பட்டப்பகலில் கறுப்பு உடையில் வரவழைத்தார்கள். விழா கிடங்கின் பெரிய கூடத்தில். எங்கள் ஊர்த் தெருக்கடைப் பலகாரமான வறுத்த ராவியோலியை நுரையாக அடித்துக் கரண்டியில் கொடுத்தார்கள். எங்கள் அணி முதல் வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்காலிகள் அந்த உயரத்துக்குச் செய்தவை அல்ல. வெர்னெல் ஊதாத் தொப்பியோடு ராஸ்கோவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இந்தமுறை தொப்பிக்கு விலக்கு வாங்கியிருந்தான்.

கிளைவ் ஹாரிங்டன் மேடையேறினார்.

"நண்பர்களே, ஒரு அருங்காட்சியகத்தின் கடமை என்ன? காட்டுவது என்று பாமரர் நினைக்கிறார்கள். காட்டுவதற்குக் கடைகள் இருக்கின்றன. நம் கடமை, காட்டாமல் இருப்பது. எதைக் காட்டாமல் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். இந்த ஓவியத்தை இந்த ஆண்டு முழுவதும் ஒரு கண்ணும் தீண்டவில்லை. நான்கூடப் பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பார்க்காமலே அதைப்பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். பார்த்திருந்தால் அவ்வளவு தெளிவாக எழுதியிருக்க முடியாது."

கைதட்டல். கையுறை போட்ட நால்வர் மரப்பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். திருகாணிகளைக் கழற்றினார்கள். முன்பலகையைத் தூக்கி வைத்தார்கள்.

பெட்டி காலியாக இருந்தது.

உள்ளே வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. கீழே ஈரப்பதக் கருவி, இழுத்து, நின்று, விட்டது. வேறு எதுவும் இல்லை.

 ஹாரிங்டன் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். மிஸ் கிரான்ஸின் முகம் பஞ்சைவிட வெளுத்திருந்தது. இயக்குநர் மேடைக்குத் திரும்பி, கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"இதோ" என்றார். "பெயரற்ற உருவம். இன்று உருவத்தையும் துறந்திருக்கிறது."

ஜூவல் பர்டெட்தான் முதலில் எழுந்தான். அவன் கண்ணில் தண்ணீர். "மச்சான், தைரியம்னா இதான்டா" என்று சொல்லிக் கைதட்டினான். அரங்கமே எழுந்தது. பின்வரிசையில் லாந்த்ரி அதற்குள் யாருடனோ போனில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும் உட்கார்ந்தபடியே வெர்னெல் கேட்டாள். அவள் குரல் பெரிது. முப்பது வருஷம் தேவாலயத்தில் பாடிய குரல்.

"யப்பா கிளைவு. என் புள்ள எங்க?"

ஹாரிங்டன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, நன்றி. அதுதான் கேள்வி. இந்தப் படைப்பு நம் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியும் அதுதான்."

மறுபடியும் எழுந்து கைதட்டினார்கள். முன்னதைவிட அதிக நேரம். ஒருவர் வெர்னெலின் கையைக் குலுக்கி, மிக அருமையாகச் செய்தீர்கள் என்றார்.

ராஸ்கோ எழுந்து வெளியே போனான். அவன் யாரையாவது அடித்துவிடுவானோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். கூடத்தின் பின்பக்கம் ஒரு நீண்ட நடை. அதன் கடைசியில் ஒரு கதவு திறந்திருந்தது. சுமை இறக்குபவர்கள் சாப்பிடும் அறை. தண்ணீர் குடிக்கலாமென்று குனிந்து உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மேசையில் இரண்டு பேர் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்க், காப்பிக் குடுவை, மைக்ரோவேவ். ஜன்னலில் மத்தியான வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. மைக்ரோவேவுக்கு மேலே, ஒரு ஆணியில், செங்கல் சுவரில் சாய்ந்துகொண்டு லீலண்ட் நின்றான்.

"என்ன சார், வழி தப்பிட்டீங்களா?" என்றார் ஒருவர்.

"இது... இது எப்படி இங்க?"

"அந்தப் போஸ்டரா? அது ரொம்ப நாளா இருக்கு சார். செவத்துல சாஞ்சு கெடந்துச்சு. யாரோ எடுத்து மாட்டுனாங்க. பய பாக்குறதுக்கு நல்லா இருக்கான்ல? வேலைக்குக் கெளம்புற மாதிரி."

பின்னால் விசாரித்ததில் தெரிந்தது இதுதான். புகைப்படம் எடுக்க வெளியே எடுத்தவர்கள் சாப்பாட்டு நேரம் வந்ததால் போய்விட்டார்கள். பெட்டியை மூடுகிறவர்கள் வேறு குழு. வெளிச்சம் வீணாகும் என்பதால் உள்ளே பார்க்காமல் மூட வேண்டும் என்பது விதி. அவர்கள் விதிப்படி மூடினார்கள்.

ராஸ்கோ கையை நீட்டிப் படத்தை ஆணியிலிருந்து எடுத்தான். ஏணி தேவைப்படவில்லை.

"எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா. அந்தக் காலண்டரையும் வேணா எடுத்துக்கங்க, போன வருஷத்துது."

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையுறை இல்லாமல், பெரிய வாசல் வழியாகவே நடந்தான். இரண்டு காவலாளிகள் இருந்தார்கள். கையுறையோடு நாலு பேர் தூக்கிவந்திருந்தால் அவர்கள் தடுத்திருப்பார்கள். ஒருவர் கதவைத் திறந்து பிடித்தார். "வெயிலோட தூறுது சார், பாத்துப் போங்க" என்றார்.

*

அடுப்புக்கு மேலே ஆணி தயாராக இருந்தது. வெர்னெல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். சட்டையைத் தொட்டாள், ஷூவைத் தொட்டாள். பிறகு முகத்துக்கு வந்தாள். கேலரியின் எழுத்து இப்போது இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு தீற்றல் இருந்தது.

"அயோனாவுக்கு எப்பவுமே வாய் வரைய வராது" என்றாள் வெர்னெல். "என் அக்காவ வரைஞ்சாளே, அதுலயும் இப்படித்தான் ஈஷி வெச்சிருந்தா. நல்ல மனுஷி. வாய்தான் வராது."

ராஸ்கோ நாற்காலியில் உட்கார்ந்தான். மேலே யாரும் மோதாமலே அவன் சாய்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"என்னடா மூஞ்சி? சட்டை அவனோடதுதான். நிக்கிற நிப்பும் அவனோடதுதான். இருக்கட்டும், இவன் இங்க நிக்கட்டும்."

வியாழக்கிழமை காலை அவள் ஊதாத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றான் ராஸ்கோ.

"எங்கயா? முன்பதிவு இருக்குல்ல."

"அம்மா, அந்தப் பெட்டி காலி. உனக்குத் தெரியும். நீயும்தான பாத்த."

"தெரியும்" என்றாள் வெர்னெல். "காலியோ என்னமோ, என் புள்ளைக்குன்னு ஒரு பெட்டி இருக்குடா. அது முன்னாடி உக்காந்து அழுறதுக்கு எனக்கு யாரும் எடம் குடுக்கல. இந்தப் பைத்தியக்காரனுங்கதான் குடுத்திருக்கானுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மிஸ் கிரான்ஸ் வழக்கம்போலத் தொப்பியை வாங்கி வைக்கிறார், விளக்கை அணைக்கிறார். உள்ளே இருப்பவனுக்கு மூக்கடைப்பு இன்னும் சரியாகவில்லை என்று வெர்னெல் சொல்கிறாள். ராஸ்கோவின் இரண்டாவது ஜோடி ஷூ இப்போதும் சில காலைகளில் ஈரமாக இருக்கிறது. வேர்வை என்றுதான் இன்றும் சொல்லி வருகிறேன்.

காலிப் பெட்டியை வாண்டர்லின் அருங்காட்சியகம் தன் தலைசிறந்த உடைமை என்று அறிவித்து, அதற்கான ஆண்டு வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறது.

படம் அடுப்புக்கு மேலே இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் அதன் கீழே பன்றிக்கறி வறுபடுகிறது. அதற்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.